பன்னிரண்டாயிரம் வெப்பமானிகள்

ஜூலை. கேம்பர்டவுன் மேட்டில் விடிகாலை நாலரை.
மூன்றாம் கொட்டகைக் கதவைத் திறந்தபோது
என் உதடு வெடித்திருந்தது.
அதைக் கவனித்திருக்க வேண்டும்.

சுவரில் பெட்டி பச்சையாக எரிந்தது.
பூபாலன் படையாச்சி கடன்வாங்கி வைத்த பெட்டி,
வானிலையை முந்திப் படித்து
ஹீட்டரையும் விசிறியையும் தானே ஆளும் பெட்டி.
மாட்டியவள் நான்.
இனிமேல் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று
அவரிடம் சொன்னவளும் நான்தான்.

ஐந்து மணிக்கு மின்வெட்டு,
வெளியே பதினொரு டிகிரி, என்றது பெட்டி.
ஆகவே இப்போதே சூட்டைச் சேர்த்துவை.
நான் எழுதிய விதி அது. பெருமையாக எழுதினேன்.
எழுபது கிலோமீட்டர் தள்ளி
கடலோர விமான நிலையத்தில்
உண்மையாகவே பதினொன்றுதான்.
அங்கே கோழிகள் இல்லை.

இங்கே பெர்க் காற்று மலையிறங்கிக்கொண்டிருந்தது
யாரோ அடுப்புக் கதவைத் திறந்து
மூட மறந்ததைப் போல.

ஜபுலிலே பெட்டியைப் பார்க்கவில்லை.
தரையைப் பார்த்தாள்.
மூன்று நாள் குஞ்சுகள், பன்னிரண்டாயிரம்,
சுவரோரம் ஒட்டிக்கொண்டு
அலகைத் திறந்து இரைத்தன.
நடுவில் வெறும் மரத்தூள், வழுக்கைத் தலைபோல்.
அவள் ஜூலுவில் ஏதோ முணுமுணுத்தாள்
குஞ்சுகளிடமா பெட்டியிடமா என்னிடமா,
கேட்டுக்கொள்ளவில்லை.

ஹீட்டரை அணைத்தேன். பெட்டி போட்டது.
அணைத்தேன். போட்டது.
அந்தப் பிடிவாதம் யாருடையது என்று
என் அம்மாவைக் கேட்டால் சொல்வாள்.

ஐந்து மணி.
மின்வெட்டு வந்து ஹீட்டரை அணைத்தது.
விசிறிகளையும்.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.
பிறகு நாங்கள் இருவரும்
ஆளுக்கொரு பக்கம், துருப்பிடித்த கைப்பிடியைச் சுற்றி
பக்கத்துத் தார்ப்பாய்களை ஏற்றினோம்,
அறுபது மீட்டர், அங்குலம் அங்குலமாக.
காற்று உள்ளே புகுந்து தூளை வாரியது.

நாற்பத்தொன்று.
ஜபுலிலே எண்ணி எண்ணி வாளியில் போட்டாள்.

தீவன மூட்டைமேல் உட்கார்ந்து
விதியைத் திருத்தினேன்.
அதற்கொரு பெயர் வைக்க வேண்டியிருந்தது.
வடக்கிலிருந்து வந்தால் வாடை, என்கிறது தமிழ்,
சொல்லும்போதே தோள் நடுங்கும்.
இங்கே வடமேற்கிலிருந்து வருவது நெருப்பு.
தெற்கிலிருந்து வந்தால் தென்றலாம்.
இங்கே தெற்குக் காற்றுக்கு
டிராக்கன்ஸ்பெர்க் உச்சியில் பனி விழும்.
நூற்றறுபது வருஷத்துக்கு மேலாக
வேறொரு நிலையத்தின் தரவை வாயில் வைத்திருக்கிறோம்,
பெட்டியைத் திட்டி என்ன.

காற்று வடமேற்கு,
ஈரப்பதம் இருபதுக்குக் கீழே,
அழுத்தம் இறக்கம் என்றால்
விமான நிலையத்தைக் கேட்காதே.
இன்னும் சந்தேகமா, தரையைப் பார்.
பெட்டிக்குத் தரை தெரியாது.
அதற்கொரு கேமரா வேண்டும்.
கேமராவுக்கு இன்னொரு கடன் வேண்டும்.
படையாச்சியிடம் நாற்பத்தொன்றை முதலில் சொல்வதா
கேமராவை முதலில் சொல்வதா.

மாலை மூன்றரைக்குக் காற்று திரும்பியது.
ஒரே மணி நேரத்தில் பதினாறு டிகிரி சரிவு.
பெட்டி சற்று யோசித்தது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
பிறகு ஹீட்டர்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.
குஞ்சுகள் சுவரை விட்டு வந்தன,
கொட்டிய சோளம்போல் தரையெங்கும்
சமமாக, சளசளவென்று.

ஜபுலிலே தரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு
பஸ்ஸுக்குப் போனாள்.
பெட்டி பச்சையாக எரிந்தது.
நிம்மதியாகத் தூங்கலாம்.
நான் உதட்டில் வாஸலின் தடவிக்கொண்டு
வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்,
அவ்வப்போது நாக்கால்
அந்த வெடிப்பைத் தொட்டுப் பார்த்தபடி.