முடிச்சு

மேலப்பாளையம் பீடிக் கடை. கட்டு எண்ணும் நேரம்.
முதலாளி மகன் சுருட்டை இழுத்துக்
கண்ணை மூடிச் சொன்னான்:
கொக்கோ, ஈரமண், கடைசியில் மிளகு.

செக்கர் நான் சாம்பலைப் பார்த்தேன்.
விரல்நீளம் உதிராமல் நின்றது.
'ஒசந்த சரக்குதான்' என்றேன்.

கழிவுக்கு மல்லுக்கு நின்ற மைதீன் பாத்து
பற்றவைக்காத ஒன்றை எடுத்தாள்.
காதோரம் உருட்டினாள். சத்தமில்லை.
நடுவில் அமுக்கி,
'இங்க முடிச்சு இருக்கு. இழுவை நிக்கும்.'
இலையின் ஓரத்தை நகத்தால் தேடிச்
சுற்றின போக்கில் விரலை ஓட்டினாள்.
'உருட்டினவளுக்கு இடதுகை.
எனக்கும்தான்.'

சிரித்துக்கொண்டே அவன் அதையே கொளுத்தினான்.
அஸர் பாங்குக்கு முன்னால்
பாதியில் அணைந்தது.

தீப்பெட்டியை நீட்டிவிட்டு
நான் கழித்துப்போட்ட அவள் கட்டை
வெளிச்சத்தில் மறுபடி பிரித்தேன்.