பல் கணக்கு

பதினொரு மாதமாக முடிவெடுக்கவில்லை.
முப்பத்தைந்தா, ஐம்பதா.
கோ ஸா லின் கடைக் கண்ணாடிக்குள்
இரண்டு லென்சும் மூடி கழற்றி உட்கார்ந்திருக்கின்றன.
சனிக்கிழமைதோறும் போகிறேன்.
ஒன்றைக் கையில் வாங்குவேன், எடை பார்ப்பேன்,
மற்றதை வாங்குவேன்,
தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

விலையை நான் கியாட்டில் எண்ணுவதில்லை.
எனக்கு வேலை பல் கட்டும் பட்டறையில்.
ஐம்பது என்றால் நாற்பத்தொரு கடைவாய்ப் பல்.
முப்பத்தைந்து, அறுபத்து மூன்று.
மோல்மேனில் இன்னும் நாலு பேருக்குப் பல் விழுந்தால் என்ன
என்று ஒரு நாள் நினைத்தேன்.
மறுநாள் காலை
என் பல்லே வலித்தது.

கேமரா, கல்யாண வீடுகளுக்குப் போய்வந்த ஒருவருடையது.
ஒரு லட்சத்து எட்டாயிரம் முறை இமைத்த ஷட்டர்.
சென்சாரில் தூசி.
எந்த வானத்தை எடுத்தாலும் வலது மூலையில்
அதே சாம்பல் புள்ளி.
ஒவ்வொரு வானத்தையும் துடைத்தாக வேண்டும்.

மின்சாரம் இரவு ஒன்றுக்கு வரும், ஐந்துக்குப் போகும்.
சோறு வடிப்பது, தண்ணீர் ஏற்றுவது,
பிறகு படங்கள்.
நிழலைக் கொஞ்சம் தூக்கு. மஞ்சளைக் கொஞ்சம் இறக்கு.
ஏ2 பல்லுக்கும் ஏ3 பல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை
மெழுகுவத்தியில் சொல்லிவிடும் கண்
இந்தத் திரையில் தடுமாறுகிறது.

படித்துறையில் அவித்த பட்டாணி விற்கும் பவளாயி கேட்டாள்:
"பல்லுக்காரம்மா, என்னை ஒண்ணு எடு.
ரானோங்கில இருக்கிற மகனுக்கு அனுப்பணும்.
இந்த ஓட்டையை மட்டும் அடைச்சுடு."
முன்பல் ஒன்று இல்லை.
அவன் போகும்போது இருந்தது.
எப்படி விழுந்தது என்றேன்.
பட்டாணியைக் கிளறினாள்.

பட்டறையில் ஒன்பது நாள் ஆகிற வேலை
திரையில் நான்கு நிமிடம்.
இடப்பல்லை நகலெடுத்து, திருப்பி, வலத்தில் வைத்தேன்.
வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து விழுந்தது
அந்த ஒரு பல்லில் மட்டும்,
அவளுக்குள் வேறொரு சூரியன் உதித்தமாதிரி.
அதையும் சரிசெய்தேன்.
வெற்றிலைக் கறை கொஞ்சம் பூசினேன்.
என் தொழிலில் இதைவிட நல்ல பல்
நான் கட்டியதில்லை என்று
சொல்லிக்கொள்ள ஆளில்லாத மூன்று மணி.

மகன் மீன் ஆலையில். வீட்டில் செல்வமணி,
அங்கே மௌங் மௌங்.
இரண்டு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது.
பவளாயி என் காதில் போனை வைத்தாள்.

"உடம்புக்கு என்னம்மா?
தனாக்காகூடப் பூசாம ஏன் நிக்கிறே?"

ஓடிவந்து கோப்பைத் திறந்தேன்.
முகத்தைச் சீராக்கு, நாற்பது.
நான் தொடவே இல்லை,
அதுவாகவே முடுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது.
அவள் கன்னத்து மஞ்சளைத்
தோல் நோய் என்று எடுத்துக்கொண்டு
வழித்துப் போட்டிருக்கிறது.
பல்லையே பார்த்துக்கொண்டிருந்த நான்
கன்னத்தைப் பார்க்கவில்லை.

சுழிக்குக் கொண்டுவந்தேன்.
வந்தது தனாக்கா,
விரல் சுழித்த வட்டம், வியர்வை வெடித்த கோடு,
இடது கன்னத்தில் பட்டாணித் தோல் ஒன்று ஒட்டியபடி.

"பல்லு இருக்கட்டும்," என்றாள்.
"வாயைத் திற, அச்சு எடுக்கணும்," என்றேன் நான்.
ஏ3 தூள் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
கூலி வாங்காத பல் கணக்கில் ஏறாது,
இறங்கவும் இறங்காது.
"வித்து முடிச்சுட்டு வர்றேன்," என்றாள்.
இன்னும் வரவில்லை.
பட்டாணி தினமும் மிச்சமாகிறதாம்.

ஐம்பதை யாரோ வாங்கிவிட்டார்கள்.
கோ ஸா லின் எனக்காக வருத்தப்பட்டான்,
எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

நேற்று ஆற்றுக்கு மேலே ஒரு வானம்.
வழக்கம்போல் புள்ளியைத் துடைத்தேன்,
பெரிதாக்கிப் பார்த்தால்
தூசி தன் மூலையில் அப்படியே இருக்கிறது.

துடைத்தது காக்கையை.