அரைத் தீக்குச்சி

ஊராட்சி எனக்குச் சம்பளம் தருவது
ஒரு விரிசலை அளப்பதற்கு.
முதல் பனிக்கு முன்பு ஒரு முறை,
கடைசிப் பனி உருகிய பின்பு ஒரு முறை,
படகுத்துறையிலிருந்து நாலு மணி நேரம் ஏறுகிறேன்.
மலையின் நெற்றியில் எதிரெதிரே இரண்டு ஆணிகள்,
நடுவே இழுத்துப் பிடித்த எஃகு நாடா.
பதிவேட்டில் எழுதுகிறேன்: ஆறு மில்லிமீட்டர்.

அடிவாரத்தில் ஆடு வளர்க்கும் குன்வோருக்கு
எண்கள் வேண்டாம்.
"எத்தனை தீக்குச்சி கனம்?" என்பாள்,
பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டே.
"மூன்று."
ஃபியோர்டைப் பார்ப்பாள்.
மலையைப் பார்க்க மாட்டாள்.

எறும்பு ஊரக் கல் தேயுமாம்.
இங்கே எறும்புகள் உறங்கும் மாதங்களில்தான்
வேலை நடக்கிறது.
பகலில் தண்ணீர் சந்துக்குள் நுழைகிறது,
இரவில் உறைகிறது.
பதினொரு பங்காய்ப் படுத்தது
பன்னிரண்டு பங்கு இடம் கேட்கிறது.
விடிந்ததும் ஒன்றும் தெரியாததுபோல் உருகி
மயிரிழை ஆழம் கூடுதலாக இறங்கிக்கொள்கிறது.
மறுபடி இரவு.
இதில் கோபம் கிடையாது,
நான் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன்:
எங்கோ ஒரு துளி, பிறகு நெடுநேரம் கழித்து
இன்னொன்று.

போன மார்ச்சில்
விழுந்தது என் விரிசல் அல்ல.
கிழக்குத் தோள்,
யாரும் ஆணி அடிக்காத பக்கம்.
விடியற்காலை மூன்று மணி.
படகு துறையில் மோதிவிட்டது என்றுதான்
குன்வோர் எழுந்திருக்கிறாள்.
முறிந்த பூர்ச்ச மரங்களின் வரிசை,
காற்றில் உரசிய கல்லின் கருகல் வாசனை,
உருளைக்கிழங்கு வயலின் நடுவே
குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஒரு பாறை.
அதன் ஒரு முகம் பாசி படிந்து கிழடாக இருந்தது.
மற்றது வெளிறிய ரோஜா நிறம்,
கோடிக்கணக்கான ஆண்டுகளில்
அன்றுதான் முதல் வெளிச்சம் பட்ட முகம்.
கையில் நாடா இருந்ததால் அளந்தேன்.
வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

பெர்கனிலிருந்து காப்பீட்டுக்காரர் வந்தார்.
முன்னறிகுறி ஏதும் உண்டா என்று கேட்டார்.
நான் அளந்த பக்கத்தில் இல்லை என்றேன்.
கிழங்குக்கு இழப்பீடு,
கல் நில உரிமையாளருக்கே சொந்தம்
என்று கடிதம் வந்தது.
குன்வோர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்,
நிறுத்த முடியாமல்,
ஆடுகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

இந்த மே மாதம் இறங்கி வந்தபோது
கல்லின் உச்சியில் ஒரு குட்டி நின்றிருந்தது.
அடியில், ரோஜா முகத்திலிருந்து உதிர்ந்த
செதில்கள், குறுமணல்.
"இங்கே வா" என்றாள் குன்வோர்.
மூலையில் ஒரு கோடு, ஈரமாய்.
பெட்டியிலிருந்து தீக்குச்சி ஒன்றை எடுத்துச்
சொருகினாள்.
பாதி போய் நின்றது.
நேராக நின்றது.

பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலால்,
நாள் போட்டு எழுதிக்கொண்டேன்.