சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய்

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து
வங்கி கொடுத்த பத்துப் பக்கத்தைத்
தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன்.
முதன்முதலாகக் கணக்குத் தொடங்குவோருக்கான கையேடு.
சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய்.
எண்ணுவது ஆங்கிலச் சொல்லை. என்னுடையதை அல்ல.

வட்டி சுலபம்.
வட்டிக்குப் பெயர் தேட வேண்டிய ஊரா இது?
நாள் வட்டி, மீட்டர் வட்டி,
விடியலில் தொள்ளாயிரம் வாங்கி
விளக்கு வைப்பதற்குள் ஆயிரமாய்த் திருப்புகிற வட்டி.
கையேட்டில் இருக்கும் 'ஆண்டுக்கு ஏழு சதவீதம்'
இவற்றின் நடுவே
மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

கூட்டு வட்டிக்கு இப்படி எழுதினேன்:
வட்டி குட்டி போடும், குட்டியும் குட்டி போடும்.
மேலாளர் சிவப்பு மையில் கேட்டார்:
'கண்ணியமான நடையில் சொல்ல முடியாதா?'

பணவீக்கத்தில் அரை மணி நேரம் போனது.
பணம் வீங்குகிறது என்கிறது சொல்.
கீழே டீ பன்னிரண்டு ரூபாயாகி ஒரு மாதம்.
டம்ளரும் ஒரு விரற்கடை குட்டை.
வீங்கியதாக எதையும் நான் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த சொல்லுக்கு
அகராதி 'நீர்மை' என்றது.
அப்படியே எழுதிவிட்டு
யானைக்கல் பாலம் வரை நடந்தேன்.
கீழே வைகை.
ஆற்றின் நட்டநடுவில் யாரோ
போர்வை காயப்போட்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் வாழைமண்டி.
இலைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்த ஒச்சம்மாளிடம் கேட்டேன்:
"அவசரமா அஞ்சாயிரம் வேணும்னா எதை விப்பீங்க?"
"தோட்டை. கால் மணி நேரத்துல காசு."
"ஊர்ல மூணு சென்ட் இருக்குன்னீங்களே?"
"அதுக்கு வில்லங்கம் போடணும்,
தம்பி கையெழுத்து வேணும், அவன் திருப்பூர்ல கெடக்கான்.
நம்ம அவசரம் தெரிஞ்சா
வாங்குறவன் பாதி வெலைக்குத்தான் கேப்பான்."
"இலை?"
"எலை இப்பக் காசு. உச்சிக்கு மேல மாட்டுக்கு."
சொல்லிக்கொண்டே ஒரு கட்டை
மெஸ்காரருக்குத் தள்ளிவிட்டாள்.
"எதுக்குக் கேக்குறீங்க, கடன் கிடன் குடுக்கப் போறீங்களா?"

மாடியேறி எழுதினேன்:
ஒரு பொருள், அதிக விலையிழக்காமல்,
எவ்வளவு விரைவில் பணமாகும் என்பதே நீர்மை.
தோடு ஓடும். நிலம் உறையும்.
இலைக்கு மதியம் வரை நேரம்.
பதினேழு சொல்.
கூலி ஒன்றேகால் ரூபாய்.

ஆறு மணிக்கு சௌந்தரபாண்டியின் பைக் சத்தம்.
தண்டல் அட்டையில் இன்று நாற்பத்தோராவது நாள்.
"வங்கி எனக்குப் பாக்கி" என்றேன்.
ஆடியில் கொடுத்த பில். இப்போது கார்த்திகை.
ஐந்தொகையில் அதற்கு மரியாதையான பெயர் உண்டு,
'வரவேண்டியவை', சொத்துப் பக்கத்தில்தான் உட்காரும்.
அதைக் காட்டி ஒரு வடைகூட வாங்க முடியாது.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு யோசித்தான்.
"அப்ப வங்கிக்கே நீங்கதான் கடன் குடுத்திருக்கீங்க.
வட்டி எவ்வளவு போட்டீங்க?"
"ஒன்றுமில்லை."
"நாலு மாசமா?"
"நாலு மாசமா."
அவன் முகத்தில் தெரிந்தது இரக்கமா,
தொழிலில் ஒரு கத்துக்குட்டியைப் பார்த்த சலிப்பா,
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.
"நாளைக்கு ரெண்டு நாளுக்கும் சேத்துக் குடுங்க.
ஏமாத்துற ஆளு இல்ல நீங்க, அது தெரியும்" என்று
அட்டையை மடித்துப் பையில் வைத்தான்.

கடைசிப் பக்கத்தில் ஒரு சொல் பாக்கி இருந்தது.
ஆங்கிலத்தில் பதினாறு எழுத்து.
கொடுத்தால் திரும்ப வருமா என்று
ஆளைப் பார்த்து எடை போடுகிற சொல்.
வங்கியின் பழைய தமிழில்
'கடன் பெறும் தகுதி நிலை.'
அதை அடித்துவிட்டு
நாணயம் என்று எழுதினேன்.
ஒன்றுக்கு ஒன்று. இந்தப் பத்துப் பக்கத்தில்
கூலி சரியாக வந்த ஒரே இடம்.

மேலாளர் இதையும் சுழிப்பார்.
படிப்பவர்கள் சில்லறை என்று நினைத்துக்கொள்வார்களாம்.