இறங்குமிடம்

செவ்வாய், வியாழன், சனி.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, மூன்றாம் நம்பர் படுக்கை.
நாலு மணி நேரம் என் ரத்தம்
என்னை விட்டு வெளியே போய்
ஒரு வெள்ளைக் குழலுக்குள் சுற்றிவிட்டுத் திரும்பும்.
இருபத்தாறு வருஷம் பாபநாசம் வண்டியில் கண்டக்டர்.
நான் ஓடித்தான் பழக்கம்.
படுத்துக்கிடக்க, எனக்குள்ளிருந்து ஒன்று ஓடுவது
இன்னும் பழகவில்லை.

அதை விடுங்கள்.
மஞ்சப்பையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஒரு நாளைக்குப் பத்தொன்பது மாத்திரை.
ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்.
பாட்டிலில் மகளின் நகச்சாயத்தால்
பேச்சியம்மை கோடு போட்டிருக்கிறாள்.
மாத்திரைக்கு ஒரு மடக்கு என்றால்
கணக்கு உங்களுக்கே தெரியும்.
பக்கத்தில் ஆறு ஓடுகிற வீரவநல்லூரில்
தாகத்துக்கென்று நான் தண்ணீர் குடித்து
இரண்டு வருஷம்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை
புதிதாக வந்த டாக்டர் ரிஸ்வானா
"பைய அப்படியே கவுத்துங்க" என்றார்.
போர்வை மேல் அட்டை அட்டையாய்ச் சிதறியது.
இது எதுக்கு, எப்போ ஆரம்பிச்சது, யாரு எழுதினது.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
சேரன்மகாதேவியில் செக்கிங் ஏறினால் கேட்பதும் இதுதானே:
எங்க ஏறினீரு, எங்க இறங்கணும்,
டிக்கெட்ட காட்டும்வே.

முட்டுவலிக்குத் தின்றது வயிற்றைச் சுடாதிருக்க
துணைக்கு ஏறியது ஒன்று, அம்பாசமுத்திரத்தில்.
முட்டுவலிக்காரன் என் கிட்னியிலும் கைவைத்துவிட்டு
என்றைக்கோ இறங்கிப்போனான்.
துணைக்கு வந்தவன் மட்டும்
ஜன்னலோரம், காலையும் மாலையும்.

நீல அட்டை ஒன்று, வெள்ளி அட்டை ஒன்று.
கடை வேறு, பெயர் வேறு, விலைகூட வேறு.
உள்ளே ஒரே மருந்து.
ஒரே ஆளுக்கு இரண்டு சீட்டு
விட்டிருக்கிறேன், நானே.

தம்பி இசக்கிப்பாண்டி செத்த மாசம்
தூக்கத்துக்கு எழுதியது ஒன்று.
அவனுக்கு ஆறாவது திவசம் முடிந்துவிட்டது.

பிரஷர் மாத்திரை நான்கு.
மிஷினில் நீர் இறக்கிய நாளில் அதையும் விழுங்கி
வண்ணாரப்பேட்டை ஸ்டாப்பில் நான் விழுந்தது
டாக்டருக்கு அன்றுதான் தெரியும்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பேச்சியம்மைக்கு முகம் செத்துவிட்டது.
வராந்தாவுக்கு இழுத்துப்போய்க் கேட்டாள்:
"மாத்திரைய குறைக்காவளே,
இனி தேறாதுன்னு முடிவு கட்டிட்டாவளோ?"
உள்ளே கேட்டிருக்கும் போல.
டாக்டர் வெளியே வந்து, அவளுக்குப் பக்கத்தில்
அந்த இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தார்.
"கைவிடலம்மா. ஒவ்வொண்ணா, பாத்துப் பாத்துத்தான்.
தப்புன்னா திரும்பக் குடுப்பேன்.
ஆனா நீங்களா எதையும் நிறுத்திராதீங்க."

தப்பும் ஆனது.
அரிப்புக்கான மாத்திரையை நிறுத்தி
ஒன்பது ராத்திரி முதுகைச் சுவரில் தேய்த்தேன்.
பத்தாம் நாள் அது மறுபடி ஏறிக்கொண்டது.
தூக்க மாத்திரை பாதி, கால் என்று
தீபாவளி வரை இழுத்தது; நடுவே
தூங்காத இரவுகளில் தம்பி வந்து போனான்.
பரவாயில்லை, வரட்டும்.
சோற்றோடு மென்று தின்கிற வில்லை அசையவேயில்லை.
அது பாஸ் வைத்திருக்கிற ஆள்.

இப்போது பதினொன்று.

நேற்று சாயங்காலம் மழை விட்டிருந்தது.
பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன்,
அடியில் நாலு விரற்கடை மிச்சம்.
உள்ளங்கையில் ஒன்றுமில்லை.
தம்ளரில் ஊற்றி, மெல்ல, வாயில் நிறுத்தி நிறுத்தி...
குழாய்த் தண்ணீர்தான். கொஞ்சம் மருந்துப்பொடி வாசம்.
அதற்கும் அடியில் எங்கேயோ ஆறு.

அடுக்களையிலிருந்து கேட்டாள்:
"இப்ப எந்த மாத்திர?"

"ஒண்ணுமில்லட்டி.
சும்மா, தண்ணி."