நானூற்றறுபது

மாட்டுக் கொட்டிலின் பாதியை
வண்டிகளுக்கு விட்டிருக்கிறார் மூர்னர்.
மறுபாதியில் மாடுகள்
அசைபோட்டபடி எங்கள் பேரத்துக்குக் காத்திருக்கின்றன.

ரைஷன்பாக்கில் பனி இன்னும் விழவில்லை.
விழுந்தால்
காலை ஐந்து மணிக்கு மலை விடுதிச் சமையலறைக்கு
என் சின்ன ஃபியட் ஏறாது.
போன மாசியில்
இரண்டு பெட்டி உருளைக்கிழங்கோடு
பின்னோக்கிச் சறுக்கி
ஒரு பால் மேடையில் முட்டி நின்றேன்.

மூன்றும் ஒரே பெட்டி.
அதே தட்டைக் கண்ணாடி,
வெளியே துருத்தும் அதே கதவுப் பிணைச்சல்.
"எண்தான் வேறு" என்கிறார் மூர்னர்.
"நானூற்றறுபது, அறுபத்தொன்று, அறுபத்துமூன்று.
நடுவில் அறுபத்திரண்டு எங்கே என்று கேட்காதீர்கள்."

கேட்கவில்லை.
வதிவிட அட்டையில் எனக்கும்
எஃப், பி, சி என்று எழுத்து மாறியது.
விடுபட்ட எழுத்துகளைப் பற்றி
நானும் ஒருவரிடமும் விசாரித்ததில்லை.
படத்தில் மூக்கு அதேதான்.

மகள் தாரங்கி போட்டுத் தந்த அட்டவணையை
மடித்துப் பைக்குள் வைக்கிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அறுபத்துமூன்று:
பளபளக்கும் மரப்பூச்சு, தோல் கதிரை,
நாலு சில்லும் எந்நேரமும் இழுக்கும்.
டொரொண்டோவிலிருந்து தம்பி குலேந்திரன்
தொலைபேசியில் கத்துகிறான்:
"அக்கா, அதையே எடு, கதிரைக்குச் சூடு வரும்."
மழைக்கோட்டை விரித்து அடியில் படுத்தேன்.
எங்கும் புதுத் தார்ப்பூச்சு,
கல்யாண வீட்டுக்கு வந்த கடன்காரனின் சப்பாத்துப் போல.
பின்சில்லு வளைவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன்.
அழுத்தவில்லை, வைத்தேன்.
தேநீரில் தோய்ந்த பாணில் விரல் போல இறங்கியது.
கறள் என் கன்னத்தில் கொட்டியது.
மூர்னர் மாடுகளைப் பார்த்தார்.

அறுபத்தொன்று ராணுவத்தில் இருந்தது.
பச்சை, கித்தான் கூரை, முகப்பில் வேறு கம்பனிப் பெயர்,
ஒட்டோமற்றிக்.
முப்பது வருடத்தில் அறுபத்தேழாயிரம் கிலோமீற்றர்.
ஒரே சொந்தக்காரர், அதுவும் அரசாங்கம்.
எடு என்கிறது கணக்கு.
பின்கதிரைத் தகரத்தில் யாரோ ஒரு பொடியன்
ஆணியால் கீறியிருக்கிறான்:
இன்னும் பத்தொன்பது நாள்.
கீழே நாலு கோடு, குறுக்கே ஒன்று,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

க்ரொய்ட்ஸ்லிங்கன் முகாமில்
கட்டிலுக்குப் பின்னால், சுவரில்,
பென்சிலால் நான் போட்டதும் இப்படித்தான்.
அவனுக்கு எத்தனை நாள் என்று தெரிந்திருந்தது.

கதவைச் சாத்தினேன்.
நல்ல வண்டி. வேறு யாராவது எடுக்கட்டும்.

மிச்சம் எண்பத்தைந்து. மூன்று லீற்றர் டீசல்.
எண்பத்தெட்டுக் குதிரைவலு,
எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் குதிரைகள்.
கட்டம் போட்ட துணிக் கதிரையில் நாய் மணம்.
முன்சில்லுகளை எழுப்ப ஒரு தடி,
அச்சுகளைப் பூட்ட இரண்டு குட்டித் தடி.
கதவடியில் கறள், கண்ணாடி விளிம்பில் கறள்,
வாசலில் கழற்றி வைத்த செருப்பு மாதிரி
ஒளிவுமறைவு இல்லாமல்.
அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டினேன்.
கடைசி வரை இரும்பு இரும்பாகவே பேசியது.

"கறளுக்கு இரண்டாயிரம் பிராங்க் குறையுங்கள்."
"எல்லாம் அசல், அம்மணி. கறளும் அசல்."
"பங்குனியில் பரிசோதனை வருகிறதே?"
தொப்பியைக் கழற்றி மாட்டினார்.
"ஆயிரம்."
கதவை மூன்று தரம் சாத்திப் பார்த்தேன்.
துப்பாக்கிப் பூட்டுச் சத்தம்.
அந்தச் சத்தத்தில் மட்டும்
மூன்று வண்டிக்கும் வித்தியாசமே இல்லை.

இப்போது கீன்டால் சாலை, இரண்டாம் கியர்.
வளைவில் வண்டி யோசிக்கிறது,
இருமுகிறது, ஒப்புக்கொள்கிறது.
பக்கத்துக் கதிரையில் மூர்னர்
கைப்பிடியை விடவே இல்லை.
பின்னால் மஞ்சள் தபால் பஸ்
மூன்று சுரத்தில் ஊதுகிறது.

ஊதட்டும்.
மேலே போட எனக்கு மனமில்லை,
கீழே இன்னும் ஒரு கியர் இருக்கிறது.