கோட்டில் ஒரு கொக்கி

முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்,
அறுநூறு கிலோபைட்.
ஒரு நல்ல புகைப்படத்தைவிடச் சின்னது
இஷ்பெல் நடந்த ஸ்காட்லாந்தின் வடக்கு.

லெர்க் நூலகத்து வைஃபையில்
கோப்பை இறக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள்
அவளைப் பார்த்ததில்லை.
எந்தச் சரிவில் எத்தனை முறை
நின்று மூச்சு வாங்கினாள் என்பது மட்டும் தெரியும்.
முன்னே போனவள் பின்னே வருபவரை
ஆற்றுப்படுத்தும் பழைய வேலைதான்.
யாழ் இல்லை, பரிசில் இல்லை.
ஒரு சிவப்புக் கோடு,
அதன்மேல் ஊரும் நீலப் புள்ளி.

குறிப்புகளும் உண்டு, கஞ்சத்தனமாக:
'பாலம் இல்லை.'
'தண்ணீர் நல்லது, மேலே ஆடு செத்துக் கிடக்காதவரை.'
'இங்கே நம்பாதே.'
எதை என்று சொல்லவில்லை.

நான்காம் நாள் குளிரில் போன் அணைந்தது.
இரவெல்லாம் காலுறைக்குள் வைத்துச் சூடேற்றி
அவள் அதை எழுப்பியது ஏரிக்கு அக்கரையில்.
விட்டுப்போனதைக் கோப்பு
ஒரே இழுப்பில் தைத்துக்கொண்டது:
இரண்டு கிலோமீட்டர்
தண்ணீர்மேல் நடந்திருக்கிறாள் இஷ்பெல்.

அதை யாரும் பின்பற்றவில்லை.
கொக்கியைப் பின்பற்றினார்கள்.

ஏழாம் நாளில் வருகிறது அது.
வடமேற்கே ஒழுங்காகப் போகும் கோடு
திடீரென்று வலப்பக்கம் மடிந்து
அறுபது மீட்டர் மேலேறி
ஒரு பாறைக்குப் பின்னால்
பதினொரு நிமிடம் நின்று
வந்த வழியே இறங்குகிறது.

மழையில் திரை
ஈர விரலை விரலென்று ஒப்புக்கொள்ளாது.
பெரிதாக்கிப் பார்க்க முடியாதவர்கள்
கோடு சொன்னபடி ஏறினார்கள்.
பார்க்க முடிந்தவர்களும் ஏறினார்கள்,
காரணம் இல்லாமலா போயிருப்பாள் என்று.
பிரெஸ்டிலிருந்து வந்த இருவர்
அங்கே உட்கார்ந்து சீஸ் தின்றார்கள்.
யாரோ ஒருத்தி
கல்மேல் கல் ஒன்றை வைத்தாள்.
இரண்டு கல் இருக்கும் இடத்துக்கு
மூன்றாவது தானே வந்து சேரும்.

இரண்டு கோடை போதுமாயிருந்தது.
ஹெதர் புதர் விலகிக்கொண்டது,
புல் படுத்துவிட்டது,
அப்புறம் ஆடுகளும் அந்த வழியே ஏறின,
கோப்பு ஏதுமில்லாமல்.

மேய்ச்சல்காரர் டோர்மோட் மெக்காஸ்கில்
எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார்:
'என் மலையில் பாதை ஒன்று முளைத்திருக்கிறது.
கேட்டால் உன் பெயரைச் சொல்கிறார்கள்.
மேலே என்னதான் அம்மா இருக்கிறது?'

'வயிறு' என்றாள் இஷ்பெல்.
'முந்தின இரவு டப்பா மீன்.'

மறுமுனையில் நெடுநேரம் இருமல்.
அல்லது சிரிப்பு.
'கல் குவியல் என் நெஞ்சுயரம் வந்துவிட்டது'
என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிரவே கோப்பைத் திறந்து
நாற்பத்து மூன்று புள்ளிகளை
ஒவ்வொன்றாய்த் தொட்டு அழித்தாள்.
கோடு நிமிர்ந்தது.
'இறுதி' என்ற பெயர் 'இறுதி 2' ஆனது.
எழுதினவன் கெடுத்த ஏட்டை
எழுதினவனே திருத்தலாம்தான்.
ஆனால் ஏடு இப்போது
யார் யாரோ பைகளில்,
ஜிப் வைத்த உறைகளுக்குள்,
ஏர்பிளேன் மோடில்,
எந்தத் திருத்தமும் எட்டாத உயரத்தில்.

செப்டம்பரில் அவளே போனாள்,
குவியலைக் கலைத்துவிடலாம் என்று.
மூடுபனி. எதிரே கை நீட்டினால் கை இல்லை.
பாதையைக் கால்தான் கண்டுபிடித்தது.

பாறைக்குப் பின்னால் ஒரு பையன்,
லூவனிலிருந்து வருகிறானாம், பெயர் யோரிஸ்,
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டிருந்தான்.
'இங்கே என்ன பார்க்க வேண்டும்?' என்று கேட்டான்.

சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள்.
பாறையின் அந்தப் பக்கம் காற்று
உளிபோல் இறங்கிக்கொண்டிருந்தது.
இந்தப் பக்கம்
அவன் ஸ்டவ்வின் சுடர்
அசையாமல் நின்றது.

'காற்று படாது' என்றாள்.

அவன் தலையசைத்துப் போனை எடுத்து
அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து
அதையே எழுதிக்கொண்டான்.

தேநீர் கொடுத்தான், குடித்தாள்.
கல்லைத் தொடவில்லை.

இறங்கும்போது
ஈரம் மின்னும் தெளிவான பாதையில்
அவள் சட்டைப்பை அதிர்ந்தது,
ஒருமுறை, மறுமுறை:
'நீங்கள் வழி விலகிவிட்டீர்கள்.'